முதல் சுற்றில் ஒரு சேஃப்டியை எடுக்கலாமா? கைல் ஹாமில்டன் விவாதம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்த விவாதத்தைப் பற்றியது?

2022 ஏப்ரல் 28 அன்று லாஸ் வேகஸ் நகரில் நடந்த என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) டிராஃப்டின், அதாவது கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின், முதல் சுற்றில், நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் சேஃப்டியான (பின்களத் தடுப்பு வீரர்) கைல் ஹாமில்டனை பால்டிமோர் ரேவன்ஸ் அணி 14-ஆவது தேர்வாக எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய மாதங்களில் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் மிகுதியாக வாதிட்ட பெயர்களுள் அவருடையதும் ஒன்று. முதல் ஐந்து இடங்களுக்குள் போகத் தகுந்தவர் என்றது ஒரு தரப்பு. ஆள் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் சேஃப்டி என்ற இடத்துக்கு அவ்வளவு உயர்ந்த தேர்வைச் செலவிடக் கூடாது என்றது மறு தரப்பு.

பால்டிமோருக்கு இரண்டு இடம் முன்னதாக, 12-ஆவது தேர்வைக் கையில் வைத்திருந்த மினசோட்டா வைக்கிங்ஸ் அவரை எடுக்காமல் அந்தத் தேர்வை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, 32-ஆவது இடத்தில் வேறொரு சேஃப்டியை எடுத்தது. ஒரே இரவில், ஒரே கேள்விக்கு இரண்டு அணிகள் எதிரெதிரான விடைகளைச் சொன்னதால், இந்த விவாதத்தை ஆராய இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

டிராஃப்ட் என்பது ஐ.பி.எல். ஏலம் போன்றதா?

இல்லை. ஏலத்தில் விலையை ஏற்றி விரும்பிய வீரரை வாங்கலாம். டிராஃப்டில் வரிசைதான் எல்லாம். முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணி முதலிலும் வாகை சூடிய அணி கடைசியிலுமாக, 32 அணிகள் ஏழு சுற்றுகளில் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. தேர்வு எண்களை அணிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளலாம்.

2011-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, புதிய வீரரின் சம்பளம் அவர் எந்த எண்ணில் எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் முடிவாகிறது. களத்தில் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பது கணக்கில் வருவதில்லை. 14-ஆம் எண்ணுக்குரிய நான்காண்டு ஒப்பந்தமாக ஹாமில்டனுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1.6 கோடி டாலர். பின்னால் வரும் வாதத்தில் பாதி இந்த ஒரு விதியிலிருந்து பிறப்பது.

சேஃப்டி என்பவர் களத்தில் என்ன செய்கிறார்?

தடுப்பாட்டத்தில் நிற்கும் 11 பேரில், பந்து கிளம்பும் கோட்டிலிருந்து மிகவும் பின்தள்ளி நிற்கும் இருவரே வழக்கமாக சேஃப்டிகள். முன்வரிசையினரும், அவர்களுக்குப் பின்னே நிற்கும் லைன்பேக்கர்களும், பாஸைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களை ஓரங்களில் தொடரும் கார்னர்பேக்குகளும் தவறவிட்டதைக் கடைசியாகத் தடுத்து நிறுத்தும் பொறுப்பு அவர்களுடையது. அவர்களும் தவறவிட்டால் எதிரணிக்கு டச்டவுன்தான், அதாவது பந்தைக் கடைசி எல்லைக்குள் சேர்த்துப் பெறும் ஆறு புள்ளிகள்.

மரபாக அவர்களை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். ஃப்ரீ சேஃப்டி நடுக்களத்தின் ஆழத்தில் நின்று நெடுந்தூரப் பாஸ்களைக் கவனிப்பார். ஸ்ட்ராங் சேஃப்டி கோட்டை நெருங்கி வந்து, பந்தோடு ஓடுபவரை மடக்குவதும், முன்வரிசையோரம் நின்று பாஸும் பிடிக்கும் டைட் எண்டுகளைத் தொடர்வதும் செய்வார். இந்தப் பிரிவினை இப்போது மங்கிவிட்டது. தாக்கும் அணிகள் மூன்று ரிசீவர்களை நிறுத்துவது வழக்கமாகிவிட்டதால், தடுக்கும் அணிகள் ஒரு லைன்பேக்கரை வெளியே அனுப்பிவிட்டு, ஸ்லாட் எனப்படும் உட்பகுதியில் ஐந்தாவது பின்கள வீரர் ஒருவரை நிறுத்துகின்றன. அதோடு, பந்து கிளம்பும் முன் ஓர் அமைப்பையும் கிளம்பியபின் வேறோர் அமைப்பையும் காட்டி, எதிரணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் குழப்புவதே இன்றைய தடுப்பாட்டத்தின் முதன்மையான உத்தி. ஆழத்திலும் ஸ்லாட்டிலும் கோட்டருகிலும் நிற்கக்கூடிய ஒருவர் இருந்தால், ஆளை மாற்றாமலேயே அந்த மாற்றங்களை எல்லாம் செய்துவிடலாம். ஹாமில்டனை ஆதரித்தவர்களின் வாதம் முழுவதும் இதன் மேல்தான் நின்றது.

அப்படியிருந்தும் முதல் சுற்றில் சேஃப்டியை எடுக்க அணிகள் ஏன் தயங்குகின்றன?

முதல் காரணம் பணம். ஒப்பந்தம் முடிந்த வீரரை ஓராண்டு தக்கவைத்துக்கொள்ள ஓர் அணி தர வேண்டிய தொகையை லீக் ஒவ்வோர் இடத்துக்கும் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. அந்தந்த இடத்தின் மிக உயர்ந்த சம்பளங்களிலிருந்து அது கணக்கிடப்படுகிறது. 2022-இல் அந்தத் தொகை ரிசீவருக்கு ஏறத்தாழ 1.84 கோடி டாலர், கார்னர்பேக்குக்கு 1.73 கோடி, சேஃப்டிக்கு 1.29 கோடி. அதாவது சந்தையில் நல்ல சேஃப்டி குறைந்த விலைக்குக் கிடைக்கிறார். ஆனால் டிராஃப்டில் 14-ஆம் எண்ணில் யாரை எடுத்தாலும் சம்பளம் ஒன்றே. எனவே அந்த எண்ணில் ரிசீவரை எடுத்தால் அணிக்கு மிச்சமாகும் தொகை, சேஃப்டியை எடுத்தால் மிச்சமாவதைவிட மிகவும் அதிகம். இந்தக் கணக்கில் பிழையில்லை. இதை மறுத்துப் பேசுபவர்கள் பெரும்பாலும் கணக்கைப் பார்க்காமலேயே மறுக்கிறார்கள்.

இரண்டாவது காரணம், நல்ல சேஃப்டிகள் பின்னாலும் கிடைப்பது. பட்டா பேக்கர் 2017-இல் 36-ஆவது தேர்வு. ஜெசி பேட்ஸ் 2018-இல் 54. ஆன்ட்வான் வின்ஃபீல்ட் ஜூனியர் 2020-இல் 45. கெவின் பயர்ட், ஜஸ்டின் சிம்மன்ஸ் இருவரும் 2016-இல் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். 2020, 2021 ஆகிய இரண்டு டிராஃப்டுகளிலும் முதல் சுற்றில் ஒரு சேஃப்டிகூட எடுக்கப்படவில்லை.

மூன்றாவது காரணம், உயர்ந்த தேர்வுகளில் எடுத்தவர்களின் கலவையான வரலாறு. 2004-இல் வாஷிங்டன் 5-ஆவது இடத்தில் எடுத்த ஷான் டெய்லரும், 2010-இல் கேன்சஸ் சிட்டி அதே இடத்தில் எடுத்த எரிக் பெர்ரியும் எதிரணிகள் அஞ்சிய வீரர்கள். அவர்களுக்கு இடையில் 2006-இல் 7, 8 ஆகிய இடங்களில் போன மைக்கேல் ஹஃப், டான்டே விட்னர், 2007-இல் 6-ஆவது இடத்தில் போன லாரான் லேண்ட்ரி ஆகியோர் அந்த எண்ணுக்குரிய எதிர்பார்ப்பை முழுதாக நிறைவேற்றினார்கள் என்று சொல்வது கடினம். 2012-இல் டாம்பா பே 7-ஆவது இடத்தில் எடுத்த மார்க் பேரன், பிறகு வேறு அணிக்குப் போய் லைன்பேக்கராகவே மாறிவிட்டார்.

ஹாமில்டன் கல்லூரியில் என்ன சாதித்திருந்தார்?

அவர் 2001-இல் கிரீஸ் நாட்டின் க்ரீட் தீவில் பிறந்தவர். தந்தை அங்கே தொழில்முறைக் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த காலம் அது. வளர்ந்தது அட்லான்டாவில். 2019-இல் நோட்டர் டேம் மைதானத்தில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே, நியூ மெக்சிகோ அணியின் பாஸை இடைமறித்து டச்டவுனாக்கினார். மூன்று பருவங்களில் மொத்தம் எட்டு இன்டர்செப்ஷன்கள்.

அவற்றுள் 2021 செப்டம்பரில் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராகப் பிடித்த ஒன்றைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். களத்தின் ஒரு பாதியில் நின்றிருந்தவர், பந்து எதிர்ப்புற எல்லைக்கோட்டை நோக்கிக் கிளம்பியதும் களத்தைக் குறுக்காகக் கடந்து ஓடி, ரிசீவரை முந்திக்கொண்டு பிடித்தார். ஆறடி நான்கு அங்குல உயரமும் 220 பவுண்டு எடையும் உள்ள ஒருவர் அவ்வளவு தொலைவை அவ்வளவு விரைவில் கடப்பதைக் கண்ட தேர்வாளர்கள் அவரை அந்த ஆண்டின் தலைசிறந்த சில வீரர்களுள் வைத்ததில் வியப்பில்லை. சேஃப்டிகள் பெரும்பாலும் ஆறடியை ஒட்டியவர்கள். இவர் உயரத்தில் ஒரு லைன்பேக்கருக்கும் மேலானவர்.

அப்படியானால் 40 கெஜ ஓட்டத்தில் 4.59 விநாடி ஏன் அவ்வளவு பேசப்பட்டது?

டிராஃப்டுக்கு முன் நடக்கும் கம்பைன் உடல்திறன் சோதனையில், 40 கெஜத்தை, அதாவது சுமார் 36.6 மீட்டரை, வீரர்கள் நேர்கோட்டில் ஓடிக் காட்ட வேண்டும். ஹாமில்டன் எடுத்துக்கொண்டது 4.59 விநாடி. பிறகு பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில் அதைவிடவும் மெதுவாக ஓடினார் என்ற செய்தி பரவியது. ஆழத்தில் நிற்கும் சேஃப்டிக்கு இது போதாது என்று ஒரு தரப்பு உறுதியாகப் பேசத் தொடங்கியது. நின்ற இடத்திலிருந்து மேல்நோக்கி எம்புவதில் 38 அங்குலமும், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதலில் பத்தடி 11 அங்குலமும் அதே உடலிலிருந்து வந்தவை என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் பார்வையில், ஹாமில்டனுக்கு எதிராக வைக்கப்பட்ட வாதங்களுள் மிகவும் வலுவற்றது இதுதான். நேர்கோட்டு ஓட்டம் பொய் சொல்வதில்லை. ஆனால் ஒரு சேஃப்டி களத்தில் நேர்கோட்டில் 40 கெஜம் ஓடுவது அரிது. குவார்ட்டர்பேக்கின் தோளையும் கண்ணையும் படித்து, பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே நகரத் தொடங்குபவருக்கு மூன்று நான்கு அடி இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. ஃப்ளோரிடா ஸ்டேட் ஆட்டத்தின் காணொளியில் அந்த முன்னறிவு தெளிவாகத் தெரிந்தது. மூன்றாண்டு ஆட்டப் பதிவு கையில் இருக்கும்போது ஐந்து விநாடிக்குள் முடியும் ஓர் ஓட்டம் அதை மறுக்கும் சான்றாகிவிடாது. அதே கம்பைனில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சேஃப்டி லூயிஸ் சீன் 4.37 விநாடியில் ஓடினார் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மீண்டும் வருவார்.

முழங்கால் காயம் ஒரு தடையாக இருந்ததா?

பெரிதாக இல்லை. 2021 அக்டோபரில் யு.எஸ்.சி. அணியுடனான ஆட்டத்தில் அடிபட்டு, ஏழு ஆட்டங்களோடு அவருடைய கடைசிக் கல்லூரிப் பருவம் முடிந்தது. கம்பைன் சோதனைகளில் கலந்துகொள்ளும் அளவுக்கு அவர் தேறிவிட்டார்.

மினசோட்டாவுக்கு ஹாமில்டன் உண்மையிலேயே தேவைப்பட்டாரா?

அந்த அணியின் ரசிகர்களிடையே விவாதம் சூடாக இருந்ததற்குக் காரணம் ஹாரிசன் ஸ்மித். அவரும் நோட்டர் டேமிலிருந்து வந்த சேஃப்டி. 2012-இல் 29-ஆவது தேர்வாக எடுக்கப்பட்டு, பத்தாண்டுகள் அந்த அணியின் பின்களத்தைத் தாங்கியவர். 2022-இல் அவருக்கு வயது 33. அதே பல்கலைக்கழகத்திலிருந்து, அதே போல் எங்கும் நின்று ஆடக்கூடிய ஒருவர் 12-ஆவது இடம் வரை யாராலும் எடுக்கப்படாமல் வந்து சேர்ந்தபோது, வாரிசு தானே வீடு தேடி வந்ததாகவே பலருக்கும் தோன்றியது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருந்தது. பொது மேலாளர் க்வெசி அடோஃபோ-மென்சா, பயிற்சியாளர் கெவின் ஓ'கானல் இருவரும் பொறுப்புக்குப் புதியவர்கள். அணியில் ஓட்டைகள் பல. கையில் இருந்த தேர்வுகள் சில. டிராஃப்டில் எந்த வீரர் வெல்வார் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், ஒரே வீரரை நம்புவதைவிடப் பல தேர்வுகளைச் சேர்த்துக்கொள்வதே மேல் என்பது புள்ளியியல் பின்னணி உள்ள மேலாளர்கள் பலரின் கருத்து. அது வெறும் தயக்கத்திலிருந்து பிறந்த கருத்தன்று. பல ஆண்டு டிராஃப்ட் முடிவுகளை ஆராய்ந்தவர்கள் மீண்டும் மீண்டும் வந்து சேர்ந்த இடம் அது.

அந்தப் பரிமாற்றத்தில் மினசோட்டா பெற்றது என்ன?

12-ஆவது தேர்வையும் 46-ஆவது தேர்வையும் டெட்ராய்ட் லயன்ஸுக்குக் கொடுத்து, 32, 34, 66 ஆகிய மூன்றைப் பெற்றது. டெட்ராய்ட் அதே பிரிவில் ஆண்டுக்கு இரண்டு முறை எதிர்கொள்ள வேண்டிய அணி என்பது ரசிகர்களின் எரிச்சலுக்கு எண்ணெய் வார்த்தது. 1990-களின் தொடக்கத்தில் டல்லஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் வழக்கத்துக்குக் கொண்டுவந்த மதிப்புப் பட்டியலின்படி, மினசோட்டா கொடுத்தது 1,640 புள்ளி. பெற்றது 1,410 புள்ளி. அந்தப் பட்டியல் உயர்ந்த தேர்வுகளை மிகைப்படுத்துகிறது என்பது உண்மைதான். ஆயினும், இறங்கிவரும் அணி லாபத்தோடு இறங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது.

டெட்ராய்ட் 12-இல் ரிசீவர் ஜேமிசன் வில்லியம்ஸை எடுத்தது. மினசோட்டா 32-இல் எடுத்தவர்தான் லூயிஸ் சீன். 34-ஆம் எண்ணை கிரீன் பேவுக்குக் கொடுத்துப் பெற்ற தேர்வுகளையும் மேலும் மாற்றிக்கொண்டதில் கார்னர்பேக் ஆண்ட்ரூ பூத், தாக்கும் அணியின் முன்வரிசையில் ஆடும் கார்டு எட் இங்க்ரம் ஆகியோர் வந்தார்கள். 66-இல் லைன்பேக்கர் பிரையன் அசமோவா வந்தார்.

வேகத்தில் சீனுக்குக் குறையே இல்லை. ஆனால் தொடக்க வீரராகும் முன்பே, 2022 அக்டோபர் 2 அன்று லண்டனில் நியூ ஆர்லியன்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய கால் முறிந்தது. அது யாருடைய கணிப்புக்கும் அடங்காத துரதிர்ஷ்டம். அதை வைத்து மேலாளரைக் குற்றம் சொல்வது முறையன்று. எனினும் காயத்துக்கு முன்பே 2021-இன் நான்காம் சுற்று வீரர் கேம்ரின் பைனம் அவரை முந்தித் தொடக்க இடத்தைப் பிடித்திருந்தார். 2024 ஆகஸ்டில் சீனை அணி விடுவித்தது. பல தேர்வுகளைச் சேர்க்கும் கொள்கை சரியாக இருந்தாலும், அந்தத் தேர்வுகளில் எடுக்கப்பட்டவர்கள் ஆட வேண்டும். இங்கே அது பெரும்பாலும் நடக்கவில்லை.

பால்டிமோரிடம் ஏற்கெனவே சேஃப்டிகள் இருந்தார்களே, பிறகு ஏன் எடுத்தது?

ஆம், இருந்தார்கள். 2022 மார்ச்சில்தான் மார்க்கஸ் வில்லியம்ஸை ஐந்தாண்டுக்கு 7 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அழைத்து வந்திருந்தது. சக் கிளார்க்கும் அணியில் இருந்தார். தேவையின் அடிப்படையில் பார்த்தால் குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிப்பவரோ கார்னர்பேக்கோ முதலில் வந்திருக்க வேண்டும். முந்தைய பருவத்தில் எட்டு வெற்றி, ஒன்பது தோல்வி. கடைசி ஆறு ஆட்டங்களையும் தோற்று, பாஸ் தடுப்பில் லீக்கின் கடைசி இடத்தில் முடித்த அணி அது. மார்லன் ஹம்ஃப்ரி, மார்க்கஸ் பீட்டர்ஸ் என்ற இரு முதன்மைக் கார்னர்பேக்குகளும் காயத்தால் விழுந்ததே அதற்குப் பெருங்காரணம்.

ஆனால் இந்த அணிக்கென்று ஒரு மரபு உண்டு. 1996-இல் அணி பால்டிமோருக்கு வந்த முதல் டிராஃப்டில், குவார்ட்டர்பேக்கைக் காக்கும் இடது டேக்கிள் ஆட ஆள் இருந்தும், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் தேவை இருந்தும், 4-ஆவது இடத்தில் டேக்கிளான ஜானதன் ஆக்டனை எடுத்தார் அணியின் தேர்வுகளுக்குப் பொறுப்பாக இருந்த ஆஸி நியூசம். 26-இல் ரே லூயிஸ் வந்தார். இருவரும் இன்று புகழ்மண்டபத்தில் இருக்கிறார்கள். அந்த ஆண்டிலேயே அணியில் சேர்ந்து, 2019-இல் பொது மேலாளரான எரிக் டிகோஸ்டா, தேவையைப் பார்க்காமல் பட்டியலில் மிக உயர்ந்தவரை எடுக்கும் பழக்கத்தை நியூசமிடமிருந்தே கற்றுக்கொண்டார்.

இன்னொரு காரணம் பயிற்சியாளர். அந்த ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து தடுப்பாட்டப் பொறுப்பாளராகத் திரும்பி வந்த மைக் மெக்டொனால்ட், ஒரே நேரத்தில் மூன்று சேஃப்டிகளைக் களத்தில் நிறுத்தவும் அவர்களின் இடங்களைக் கடைசி நொடியில் மாற்றவும் விரும்புபவர். அவருக்கு ஹாமில்டன் மூன்றாவது சேஃப்டியாகத் தோன்றவில்லை. திட்டத்தின் அச்சாகத் தோன்றினார். இந்த விவாதத்தில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதும் இதுவே: ஒரு சேஃப்டியின் மதிப்பு அவரிடம் பாதியும், அவரை என்ன செய்வதென்று தெரிந்த பயிற்சியாளரிடம் பாதியுமாக இருக்கிறது. அந்த இரண்டாம் பாதி இல்லாத அணி 14-இல் ஹாமில்டனை எடுத்திருந்தால், தவறான தேர்வு என்ற பேச்சு உண்மையாகவே ஆகியிருக்கக்கூடும்.

முதல் ஆண்டில் அவர் தடுமாறினாரே?

தடுமாறினார். இரண்டாவது வாரத்தில் மயாமிக்கு எதிராக, நான்காம் கால்பகுதி தொடங்கும்போது 35-14 என்று முன்னிலையில் இருந்த பால்டிமோர் 42-38 என்று தோற்றது. மயாமியின் ரிசீவர் டைரீக் ஹில் நெடுந்தூர டச்டவுன்களைப் பிடித்த அந்த நேரத்தின் பின்களக் குழப்பங்களில் சிக்கியவர்களுள் ஹாமில்டனும் ஒருவர். மெதுவானவர் என்று சொன்னவர்கள் அன்று மகிழ்ந்தார்கள். மெக்டொனால்ட் அவரை ஆழத்திலிருந்து முன்னே கொண்டுவந்து ஸ்லாட்டில் ஆடவைத்தார். பருவத்தின் பிற்பகுதியில் அந்த இடத்தில் அவருடைய உயரமும் கை நீளமும் எதிரணிகளுக்குத் தொல்லையாகின.

பால்டிமோரின் முடிவு சரிதான் என்று எப்போது தெளிவானது?

2023-இல். செப்டம்பரில் இண்டியானாபோலிஸுக்கு எதிராக முதல் பாதியிலேயே குவார்ட்டர்பேக்கை மூன்று முறை வீழ்த்தினார்; சேஃப்டி ஒருவருக்கு அது ஒரு பருவத்துக்கே நல்ல எண்ணிக்கை. நவம்பரில் கிளீவ்லாண்டின் பாஸைத் தானே தட்டி, தானே பிடித்து டச்டவுனாக்கினார். கிறிஸ்துமஸ் இரவில் சான் பிரான்சிஸ்கோவின் பிராக் பர்டியிடமிருந்து இரண்டு பாஸ்களை இடைமறித்தார். பருவ முடிவில், லீக்கின் தலைசிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பெற்றார். அந்த ஆண்டு பால்டிமோர் தடுப்பாட்டம் மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்ததிலும், அதிகமுறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியதிலும், அதிகமுறை பந்தைப் பறித்ததிலும் ஒருசேர முதலிடம் பெற்றது. ஒரே பருவத்தில் இம்மூன்றையும் அதற்கு முன் எந்த அணியும் செய்ததில்லை.

அதே அணியில் ஏழாம் சுற்று வீரர் ஜீனோ ஸ்டோன் அதிக இன்டர்செப்ஷன் பிடித்தாரே. அது எதிர்வாதம் ஆகாதா?

எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த வாதம் இதுவே. பலரும் இதை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். 2020-இல் 219-ஆவது தேர்வாக வந்த ஸ்டோன் 2023-இல் ஏழு பாஸ்களை இடைமறித்தார், ஹாமில்டன் நான்கு. பின்னால் எடுத்தவர் இவ்வளவு செய்ய முடிந்தால் முன்னால் எடுப்பானேன்?

விடை அவர்கள் நின்ற இடங்களில் இருக்கிறது. ஹாமில்டன் கோட்டருகே வந்து லைன்பேக்கரின் வேலையையும் ஸ்லாட் கார்னர்பேக்கின் வேலையையும் செய்ததால்தான் ஸ்டோனுக்கு ஆழத்தில் நின்று பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் எளிய வேலை கிடைத்தது. குவார்ட்டர்பேக் எங்கே எறிவதென்று ஒரு நொடி தயங்கினாலே பந்து தவறான இடத்துக்குப் போகும். அந்தத் தயக்கத்தை உண்டாக்கியவர் ஒருவர், பிடித்தவர் இன்னொருவர். ஆனால் இந்த விடை அந்த வாதத்தை முழுதாக வீழ்த்தவில்லை. இரண்டாவது சேஃப்டியைப் பின்சுற்றில் தேடலாம் என்பதை ஸ்டோன் மெய்ப்பித்தார். மினசோட்டாவிலும் 2023 முதல் தடுப்பாட்டப் பொறுப்பாளர் பிரையன் ஃப்ளோரஸின் கீழ் நான்காம் சுற்று பைனமும் ஆறாம் சுற்று ஜாஷ் மெட்டலஸும் ஹாரிசன் ஸ்மித்தோடு சேர்ந்து அருமையாக ஆடினார்கள்.

முதலில் சொன்ன பணக் கணக்கு கடைசியில் என்ன ஆனது?

2025 ஆகஸ்டில் பால்டிமோர் ஹாமில்டனுக்கு நான்காண்டுக்கு 10.04 கோடி டாலர் நீட்டிப்பு ஒப்பந்தம் தந்தது. சேஃப்டிகளுள் அதுவரை யாரும் பெறாத தொகை. ஆண்டுக்கு 2.5 கோடிக்குச் சற்று மேல். அதே ஆண்டில் டெரெக் ஸ்டிங்லி, சாஸ் கார்ட்னர் என்ற இரு கார்னர்பேக்குகள் ஆண்டுக்கு 3 கோடியை எட்டினார்கள்; ரிசீவர் ஜமார் சேஸ் 4 கோடியைத் தாண்டினார். ஆக, இடைவெளி இன்னும் இருக்கிறது. கணக்கு சொன்னவர்கள் தோற்கவில்லை. ஆனால் ஸ்லாட் கார்னர்பேக், லைன்பேக்கர், சேஃப்டி என்று மூவரின் வேலையைச் செய்பவருக்கு ஒருவரின் சம்பளம் கொடுக்கும் அணிக்கு அது வேறு கணக்கு.

அப்படியானால் எல்லா அணிகளும் உயர்ந்த தேர்வில் சேஃப்டியை எடுக்கலாமா?

கூடாது என்பதற்கு ஜமால் ஆடம்ஸின் கதை போதும். 2017-இல் நியூயார்க் ஜெட்ஸ் 6-ஆவது இடத்தில் எடுத்தது. ஆட்டம் சிறப்பாகவே இருந்தது. 2020-இல் சியாட்டில் அவருக்காக இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்தது. அந்தப் பருவத்தில் அவர் 9.5 சாக் (குவார்ட்டர்பேக்கை வீழ்த்துதல்) எடுத்து, பின்கள வீரர்களுக்கான சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு 7 கோடி டாலர் ஒப்பந்தம். அதன்பின் காயங்கள், ஆழத்தில் பந்தைத் தொடர்வதில் குறைகள், 2024 மார்ச்சில் விடுவிப்பு. கோட்டருகே மட்டும் ஒளிர்பவர், கோட்டிலிருந்து விலக வேண்டிய நாளில் அணிக்குச் சுமையாகிறார். ஹாமில்டனோ, 2024-இல் பால்டிமோரின் ஆழம் ஓட்டையாகிப்போனபோது, பருவத்தின் நடுவில் பின்னுக்கு நகர்த்தப்பட்டு அதை அடைத்தார். அவர் பக்கத்தில் நின்ற ஆர்டேரியஸ் வாஷிங்டன், டிராஃப்டில் யாராலும் எடுக்கப்படாதவர்.

எனவே ஒரு கல்லூரி சேஃப்டியை உங்கள் அணி முதல் சுற்றில் எடுக்க வேண்டுமா என்று கேட்டால், அவர் எத்தனை இடைமறித்தார் என்பதை நான் முதலில் பார்க்க மாட்டேன். அவர் எத்தனை இடங்களில் நின்று ஆடியிருக்கிறார், எந்த இடத்திலிருந்து அவரை நகர்த்தினால் ஆட்டம் சரிகிறது, அணியின் தடுப்பாட்டப் பொறுப்பாளர் இதற்கு முன் அப்படிப்பட்டவரை எப்படிப் பயன்படுத்தினார் என்பவற்றையே பார்ப்பேன். மூன்றுக்கும் தெளிவான விடை இல்லையென்றால் இரண்டாம் சுற்று வரை காத்திருப்பது நல்லது.

பால்டிமோர் அதற்குப் பிறகு முதல் சுற்றில் சேஃப்டியை எடுத்ததா?

எடுத்தது. 2025-இல் ஜார்ஜியாவின் மலாக்கி ஸ்டார்க்ஸை 27-ஆவது இடத்தில் எடுத்தது. ஆழத்தைக் காக்க ஆள் வந்தால் ஹாமில்டனை மீண்டும் முன்னே அனுப்பலாம் என்பது திட்டம். ஆனால் பருவம் தொடங்கியபின் அது மட்டும் போதவில்லை. அக்டோபரில், 2021-இன் முதல் சுற்றில் எடுத்திருந்த ஓடாஃபே ஓவேயை லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸுக்குக் கொடுத்து இன்னொரு சேஃப்டியைக் கொண்டுவந்தார்கள். அவர் பெயர் அலோஹி கில்மன். 2019-இல் நோட்டர் டேமில் ஹாமில்டனின் பக்கத்தில் ஆடியவர். 2020 டிராஃப்டில் ஆறாம் சுற்றில் 186-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர்.